கரையும் வள்ளமும்: பம்பையாற்று அறுவடை விழா பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது வடபகுதிக் கடற்கரையில் 'வள்ளம்' என்பது அன்றாடப் பிழைப்புக்குரிய ஒரு சொல். விடியுமுன் வலையோடு புறப்பட்டு, வெயிலேறும்போது மீனோடு கரைசேரும் கலத்தையே அச்சொல் எமக்கு நினைவூட்டும். அதே சொல் கேரளத்தின் பம்பையாற்றங்கரையில் வேறொரு பொருட்கனத்தைப் பெற்று நிற்கின்றது. அங்கே வள்ளம் ஓர் ஊரின் பொதுச்சொத்து, அவ்வூரின் வழிபாடு, அவ்வூரவரின் மானம். ஆண்டிற்கு ஒருமுறை, ஓணத்தையொட்டி வரும் அறுவடைக் காலத்திலே அது நீரில் இறக்கப்படுகின்றது. நூறு பேர்வரை அதிலேறித் துடுப்பு வலிக்கின்றனர். கரையில் நிற்போர் அவர்களுக்குச் சோறிடுகின்றனர். இவ்விழா பற்றி எழுதியோரிற் பலர் மாவலி மன்னனின் கதையோடும் வள்ளங்களின் வனப்போடும் நின்றுவிட்டனர். வள்ளத்தைக் கட்டியவர் யார், பேணுபவர் யார், நெல்லைக் குற்றியவர் யார், கூலியின்றித் துடுப்பு வலித்தவர் ஏன் வலித்தனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓணமும் பம்பைக்கரையும் தமிழிலக்கிய மாணவருக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மாயோனுக்குரிய ஓண நாள் மதுரை மாநகரிற் கொண்டாடப்பெற்றமையைக் குறிப்பிடுகின்றது. தொல்காப்பிய உரைகாரர் எண்ணும் பன்னிரு நிலங்களுள் ஒன்றாகிய குட்டமே இன்றைய குட்டநாடு என்பதும், சேர மன்னர் சிலர் குட்டுவன் எனப் பெயர் பூண்டிருந்தனர் என்பதும் யாவரும் அறிந்தவை. பம்பையின் தென்கரையிலுள்ள ஆறன்முளையோ நம்மாழ்வாராற் பாடப்பெற்ற பதி. திருவாய்மொழியின் ஏழாம் பத்தில் அது திருவாறன்விளை என்னும் பெயரால் வருகின்றது. எனவே, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டளவில் அங்கே பெயர்பெற்ற ஒரு கோயில் இருந்தமை உறுதி. ஆனால், இவற்றைக் கொண்டு இன்றைய வள்ளவிழாவும் சங்ககாலத்திலிருந்தே இடையறாது வருகின்றது என்று கூற முற்படுவது பிழையாகும். மதுரைக்காஞ்சியின் ஓணத்தில் வள்ளம் இல்லை. பழமையை நிறுவும் ஆர்வத்தில் நாம் அடிக்கடி செய்யும் தவறு இது. ஒரு விழாவின் பெயர் பழமையானது என்பதனால் அதன் அமைப்பும் பழமையானதாகிவிடாது.

விழாவின் அமைப்பை விளங்கிக்கொள்ள முதலில் ஆற்றையும் வயலையும் நோக்குதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி 176 கிலோமீற்றர் ஓடி வேம்பநாட்டுக் காயலை அடையும் பம்பை, ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையாற் கரைபுரண்டு ஓடும். ஆவணியில், மலையாளத்தார் சிங்கம் என்று கூறும் மாதத்தில், மழை தணியும். ஆயினும் ஆற்றில் நீர் குறையாது. நூறு அடிக்கு மேற்பட்ட நீளமுடைய ஒரு கலம் தடையின்றிச் செல்வதற்கு ஏற்ற காலம் அதுவே. விரிப்பு எனப்படும் முதற்போகம் விளைந்து அறுவடைக்கு வரும் காலமும் ஏறத்தாழ அதுவே. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் திருவிதாங்கூர்ப் பகுதியார் சிங்கத்தையே ஆண்டின் முதன்மாதமாகக் கொண்டனர். ஆக, நிறைந்த ஆறு, நிறைந்த களம், புத்தாண்டு ஆகிய மூன்றும் ஒரே மாதத்திற் கூடுகின்றன. விழா அங்கே பிறந்தமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இனி, ஆறன்முளை விழாவுக்கு அடிப்படையாகக் கூறப்படும் கதையைப் பார்ப்போம். பம்பைக்கரையிலுள்ள காட்டூரில் மங்காட்டு இல்லத்துப் பட்டத்திரி ஒருவர் வாழ்ந்தார். திருவோண நாளில் ஒரு விருந்தினருக்கு அன்னமிட்ட பின்னரே அவர் உண்பது வழக்கம். ஓராண்டு விருந்தினர் எவரும் வரவில்லை. அவர் மனம் வருந்தி வேண்ட, இளைஞன் ஒருவன் வந்து உண்டு சென்றான். வந்தவன் ஆறன்முளைப் பெருமானே என்பது கனவில் வெளிப்பட்டது. அன்றுமுதல் திருவோண விருந்துக்குரிய அரிசியும் கறிப்பொருள்களும் தோணியில் ஏற்றப்பட்டுக் கோயிலுக்கு அனுப்பப்படலாயின. பின்னொரு காலத்தில் அத்தோணியை வழியிற் சிலர் தாக்கினர். ஆற்றின் இருகரையிலும் இருந்த ஊரவர் திரண்டு சென்று அதனைக் காத்தனர். அவ்வாறு காப்பதற்கெனக் கட்டப்பட்டவையே பெரிய வள்ளங்கள் என்று கதை முடிகின்றது.

ஐதீகம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஐதீகங்கள் தாம் கூறும் நிகழ்ச்சிக்குச் சான்றாகாவிடினும், தம்மைக் கூறிவந்த சமூகத்துக்குச் சான்றாகின்றன. இக்கதையில் மையமாக இருப்பது சோறு. நிலமுடைய ஓர் இல்லம் தன் விளைச்சலில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கின்றது. ஆறு ஒன்றே பாதை. அப்பாதையில் நெல்லைக் கொள்ளையிடக் காத்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. கோயிலின் நெல்லைக் காப்பது ஊரவரின் கடமையாகின்றது. கடமையைச் செய்தவர் கோயிலில் உண்ணும் உரிமையைப் பெறுகின்றனர். தோணியைத் தாக்கியவர்கள் யார், அவர்கள் ஏன் பசித்திருந்தார்கள் என்பதைக் கதை கூறுவதில்லை. நிலமானிய அமைப்பொன்றில் நெல் எத்திசையிற் சென்றது என்பதை மட்டும் அது தெளிவாகக் கூறிவிடுகின்றது.

இச்சடங்கு இன்றும் நடைபெறுகின்றது. மங்காட்டு இல்லத்தார் பிற்காலத்திற் கோட்டயத்தை அடுத்த குமாரநல்லூருக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் அக்குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் ஆண்டுதோறும் மூல நாளில் சுருளன் வள்ளம் ஒன்றிற் புறப்பட்டு, ஆறுகளையும் காயலையும் கடந்து, உத்திராட நாளிற் காட்டூரை வந்தடைகின்றார். காட்டூரின் பதினெட்டுக் குடும்பத்தார் குற்றித் தரும் அரிசியும், காய்கறியும், பிறவும் தோணியில் ஏற்றப்படுகின்றன. மாலையில் தீபத்தோடு புறப்படும் தோணி, இரவெல்லாம் பள்ளியோடங்களின் காவலிற் சென்று, திருவோண நாள் விடியலில் ஆறன்முளைத் துறையை அடைகின்றது. நெல்லைக் குற்றும் பணியைச் செய்துவந்தவர் பெண்கள். ஆனால் பள்ளியோடத்திற் பெண்கள் ஏறுவதில்லை. விழாவைப் பற்றிய வருணனைகளிலும் உலக்கைக்கு இடமில்லை.

பள்ளியோடம் என்னும் பெயரே எமக்கு ஆராய்ச்சிக்குரியது. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் சொற்களில் வரும் 'பள்ளி'யும், நாம் எல்லோரும் அறிந்த 'ஓடமு'மே இச்சொல்லில் இணைந்துள்ளன. முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் கூறுவர். தமிழ்க் கடலோரத்து மீனவரும் இச்சொற்களை அறிவர். ஆஞ்சிலி என்னும் பலாவினத்து மரத்தின் நீண்ட பலகைகளைக் கொண்டு கட்டப்படும் இக்கலத்தின் அமரம், நீர்மட்டத்திலிருந்து பல அடி உயர்ந்து வளைந்து நிற்கும். அதன்மேல் நால்வர் நின்று நீண்ட துடுப்புகளாற் கலத்தைத் திருப்புவர். துடுப்பு வலிப்போர் இருமருங்கும் அமர்ந்திருக்க, நடுவே பாடுவோர் நிற்பர். பாடுவது வஞ்சிப்பாட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் அவ்வகையிற் புகழ்பெற்றது. மார்த்தாண்டவர்ம மன்னனோடு வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படகிற் செல்லும்போது வாரியர் அதனைப் பாடினார் என்பது மரபு. துடுப்பின் அசைவுக்கும் பாட்டின் தாளத்துக்கும் உள்ள உறவை இங்கு விளக்கவேண்டியதில்லை. தொழிலிலிருந்து பாட்டுப் பிறந்தது என்னும் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஒவ்வொரு பள்ளியோடமும் ஒரு கரைக்கு உரியது. மலையாள வழக்கிற் கரை என்பது ஆற்றோரத்தை மாத்திரமன்றி, அதனைச் சார்ந்த ஊர்ப்பிரிவையும் குறிக்கும். அண்மைக்காலக் கணக்கின்படி 52 கரைகள் பள்ளியோடம் உடையன. அவையனைத்தையும் ஒருங்கிணைப்பது பள்ளியோட சேவா சங்கம். மழைக்காலம் வரும்வரை வள்ளம் கரையிலுள்ள பள்ளியோடப்புரையில் ஓய்வுகொள்ளும். பலகைகள் வெடிக்காதிருக்க அதற்கு மீனெண்ணெய் பூசவேண்டும். கூரையை வேயவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பலகைகளைக் கழற்றிப் புதுப்பிக்கவேண்டும். தச்சருக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும். இச்செலவை ஏற்பது கரையாரின் நிதி. இப்பணிகளுக்கு நாட்குறிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. துடுப்பு வலிக்கும் ஓரிரு மணி நேரத்தையே பார்வையாளர் காண்கின்றனர். அதற்குப் பின்னால் ஆண்டு முழுவதும் நிகழும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

விழாவின் உயிர்நிலை போட்டியிலன்று, வள்ளசத்யா என்னும் விருந்திலேயே உள்ளது என்பது எனது கருத்து. ஆடி மாதத்திற் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு மேலாக இவ்விருந்துகள் நடைபெறும். நேர்த்தி வைத்தவர் ஒருவர் தாம் விரும்பும் கரைக்குச் சென்று முறைப்படி அழைப்பு விடுப்பார். குறித்த நாளில் அக்கரையின் பள்ளியோடம் பாட்டோடு ஆறன்முளைத் துறைக்கு வரும். நிறைபறையும் விளக்கும் வைத்து விருந்தளிப்பவர் அவர்களை வரவேற்பார். நிறைபறை என்பது அளவுமரக்காலில் நிரப்பிய நெல். அறுவடை விழாவின் எளிய அடையாளம் அதுவே. துடுப்புகளை ஏந்தியவாறே அவர்கள் கோயிலை வலம்வந்து இலையின் முன் அமர்வர். அறுபதுக்கு மேற்பட்ட உணவு வகைகள் பரிமாறப்படும்.

இங்கேதான் வியப்புக்குரிய ஒரு வழக்கம் இடம்பெறுகின்றது. உண்போர் தமக்கு வேண்டியதைப் பாட்டாலேயே கேட்பர். இன்ன கறி வேண்டும், இன்ன பாயசம் வேண்டும் என்று ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். கேட்டதை இல்லை என்று சொல்லும் உரிமை விருந்தளிப்பவருக்கு இல்லை. பள்ளியோடத்தில் வந்தோரிடத்து இறைவனே எழுந்தருளுகின்றான் என்னும் நம்பிக்கை அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. ஆனால் சமூகவியல் நோக்கிற் பார்க்குமிடத்து, இதனுள் வேறொன்றும் தெரிகின்றது. ஆண்டு முழுவதும் கேட்கும் உரிமை நிலமுடையோரிடமே இருந்தது. குத்தகை கேட்டவரும், ஊழியம் கேட்டவரும் அவர்களே. உடலுழைப்பால் வந்தவன் இலையின் முன் அமர்ந்து உரத்த குரலிற் கேட்பதும், பொருளுடையவன் நின்றுகொண்டு ஓடி ஓடிப் பரிமாறுவதும் அம்முறையின் ஒருநாள் தலைகீழாக்கம். அது தலைகீழானது ஒருநாள் மட்டுமே என்பதையும் நாம் மறத்தலாகாது. இவ்வாறான விழாக்கள் முறைமையை மாற்றுவதில்லை, அதனைத் தாங்கத்தக்கதாக்குகின்றன.

அந்த இலையின் முன் அமரவும் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. கரை என்பது நெடுங்காலமாக நாயர்க் குடிகளின் ஊரமைப்பாகவே விளங்கியது. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களும், அறுவடை செய்தவர்களும் புலையர், பறையர் முதலிய சமூகத்தினர். அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1853, 1855ஆம் ஆண்டுப் பிரகடனங்களாலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோயிலின் சுற்றுவழிகளிற்கூட அவர்கள் நடக்க முடியவில்லை. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய ஐயன்காளி, தம் மக்களின் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளரைத் திரட்டியமை கேரள வரலாற்றில் ஒரு திருப்புமுனை. கோயிற்கதவுகள் திறந்தது 1936 நவெம்பர் 12ஆம் திகதிப் பிரகடனத்தாலேயே. ஆகவே, விழாவில் தொண்டு செய்தோர் என்று நாம் பேசும்போது இரு வகையினரைப் பிரித்தறிய வேண்டும். துடுப்பு வலித்தவனுக்கு அது கடமையும் உரிமையும் கலந்த ஒன்று. நெல்லை விளைவித்தவனுக்கோ அது கடமை மட்டுமே. 'தன்னார்வத் தொண்டு' என்னும் இக்காலச் சொல்லை அக்காலத்தின்மேல் ஏற்றுவது இவ்விருவரையும் மறைத்துவிடும்.

பம்பை மேற்கே இறங்கிக் குட்டநாட்டை அடையும்போது விழாவின் தன்மையும் மாறுகின்றது. குட்டநாட்டு வயல்களிற் பெரும்பகுதி கடல்மட்டத்திலும் தாழ்ந்தவை. வரம்பு கட்டி, நீரை வெளியேற்றி, ஐப்பசி கார்த்திகையில் விதைத்து மாசி பங்குனியில் அறுப்பதே அங்குள்ள புஞ்சைப் போகம். முற்காலத்தில் நீரை இறைத்தவை காலால் மிதிக்கும் சக்கரங்கள். பகலும் இரவும் தொழிலாளர் வரிசையாக அமர்ந்து அவற்றை மிதித்தனர். அதற்கென்றே சக்கரப்பாட்டுகள் இருந்தன. ஆவணியில் அவ்வயல்கள் யாவும் நீரின்கீழ் கிடக்கும். எனவே குட்டநாட்டில் ஓணம் அறுவடை நாளன்று, வேலையற்ற நாள். அந்த ஓய்வே வள்ளம் வலிக்க ஆயிரக்கணக்கான கைகளைத் தந்தது. அறுவடை விழா என்னும் பெயர் ஒன்றாயினும், ஆறன்முளையில் அது நிறைந்த களத்தின் விழாவாகவும், குட்டநாட்டில் நீரில் மூழ்கிய களத்தின் விழாவாகவும் அமைகின்றது. இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவது சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் நேர்ந்த மாற்றங்களுக்கு இதுவே வித்து.

குட்டநாட்டு விழாக்களுள் மூத்ததாகக் கருதப்படுவது ஆனி மாத மூல நாளில் நிகழும் சம்பக்குளம் வள்ளவிழா. அம்பலப்புழைக் கோயிலுக்கான திருவுருவத்தைக் குறிச்சியிலிருந்து நீர்வழியாகக் கொண்டுவந்த செம்பகச்சேரி மன்னரின் ஆட்கள், வழியில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் இரவு தங்கினர் என்பதும், சம்பக்குளத்துத் தேவாலயத்தார் அவர்களை வரவேற்றனர் என்பதும் அதன் தோற்றக்கதை. கோயிலுக்கும் அக்கிறிஸ்தவ இல்லத்துக்கும் இடையிலான உறவு இன்றும் நினைவுகூரப்படுகின்றது. சுண்டன் வள்ளத்தின் தோற்றமும் செம்பகச்சேரி மன்னரோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. காயங்குளத்தாரோடு நடந்த போருக்கெனத் தச்சர் ஒருவர் அதனை வகுத்தார் என்பர். அரசுகள் மறைந்தன, போர்க்கலம் விழாக்கலமாயிற்று.

1952 டிசெம்பரில் இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேரு கோட்டயத்திலிருந்து நீர்வழியாக ஆலப்புழைக்குச் சென்றார். அவரை வரவேற்கும் பொருட்டு ஒரு வள்ளப்போட்டி நடத்தப்பட்டது. நடுபாகம் என்னும் ஊரின் சுண்டன் வென்றது. நேரு பாதுகாப்பு முறைகளைப் பொருட்படுத்தாது அவ்வள்ளத்திலேயே ஏறிவிட்டார். பின்னர் டில்லியிலிருந்து அவர் அனுப்பிய வள்ளவடிவ வெள்ளிப்பரிசு பிரதமர் கிண்ணம் என வழங்கிற்று. 1969இல் நேரு கிண்ணம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. புன்னமடைக் காயலில் ஓகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை என்று நாள் குறிக்கப்பட்டது. நட்சத்திரத்தைக் கொண்டு நாள் குறித்த விழா, கிழமையைக் கொண்டு நாள் குறிக்கும் போட்டியாயிற்று. பஞ்சாங்கத்திலிருந்து நாட்காட்டிக்கு வந்த இம்மாற்றம் தற்செயலானதன்று. காண வருவோர் வயலில் வேலை செய்வோர் அல்லர். அலுவலகங்களில் வார விடுமுறை பெறுவோர்.

இக்காலப்பகுதியிலேயே வள்ளக் கழகங்கள் முன்னணிக்கு வந்தன. கைநகரி, குமரகம், பள்ளாத்துருத்தி ஆகிய ஊர்களின் கழகங்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. கழகத்துக்கும் கரைக்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. வள்ளம் கரைக்குரியது, ஊரவர் பங்குபோட்டுக் கட்டியது. கழகமோ துடுப்பாளரைக் கொண்டது. ஓராண்டு ஒரு கரையின் வள்ளத்தில் ஏறும் கழகம் மறு ஆண்டு வேறொரு கரையின் வள்ளத்தில் ஏறலாம். முன்பு பிறப்பாலும் குடியிருப்பாலும் ஒருவனுக்கு வாய்த்த துடுப்பு, இப்போது உடல்வலிமையாலும் பயிற்சியாலும் வாய்ப்பதாயிற்று. இதனை வீழ்ச்சியென்று புலம்புவோர் உளர். அவர்களோடு முற்றிலும் உடன்படுதல் எனக்கு இயலவில்லை. பழைய கரைக்குள் இடம்பெறாத குடிகளின் இளைஞர்களுக்குத் துடுப்பைக் கையளித்தது கழகமே. 1970 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தமும், 1974ஆம் ஆண்டின் விவசாயத் தொழிலாளர் சட்டமும் வயலில் எதனைச் செய்தனவோ, அதன் ஒரு சிறு சாயலைக் கழகம் நீரிற் செய்தது எனலாம்.

எனினும் கழகத்தோடு பணமும் வந்தது. பயிற்சிக்கெனப் பல வாரங்கள் துடுப்பாளருக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கவேண்டியதாயிற்று. பரிசுக்காக வெளிமாநிலத் துடுப்பாளரும் வரவழைக்கப்பட்டனர். 2019இல் சுற்றுலாத் துறையினர் ஒன்பது வள்ளங்களைக் கொண்டு பன்னிரு இடங்களில் நடத்தப்படும் ஒரு தொடர்போட்டியை ஆரம்பித்தனர். சோறு பெற்று வலித்த துடுப்பு, கூலி பெற்று வலிக்கும் துடுப்பாக மாறிவருகின்றது. உழைப்புக்குக் கூலி கிடைப்பதில் தவறில்லை. ஆனால் சோறாக்குவோருக்கும் புரையைப் பேணுவோருக்கும் அக்கூலி எட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவையனைத்துக்கும் அடியில் ஒரு பெரிய கேள்வி உண்டு. அறுவடையே இல்லாதபோது அறுவடை விழா என்னாகும்? 1970களின் நடுப்பகுதியிற் கேரளத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேயரில் நெல் பயிரிடப்பட்டது. இன்று அது ஏறக்குறைய 2 இலட்சம் ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. றப்பரும் தென்னையும், வளைகுடாப் பணத்தாற் கட்டப்பட்ட வீடுகளும் வயல்களை விழுங்கின. ஓண விருந்துக்கான அரிசியும் காய்கறியும் பெருமளவில் தமிழ்நாட்டிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் லொறிகளில் வருகின்றன. வயலைத் தூர்ப்பதைத் தடுக்க 2008இல் ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது. ஆறன்முளையிலும் இதுவே நிகழவிருந்தது. அங்குள்ள புஞ்சை நிலமும் நீரோடையும் நிரப்பப்பட்டு, விமான நிலையம் ஒன்று அமைக்கப்படவிருந்தது. ஊரவரும், இயற்கை ஆர்வலரும், எழுத்தாளரும், வெவ்வேறு கட்சியினரும் சேர்ந்து அதனை எதிர்த்தனர். 2014 மே மாதத்தில் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கான சூழல் அனுமதியை இரத்துச் செய்தது. அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பின்னர் நெடுங்காலம் தரிசாகக் கிடந்த அந்நிலத்தின் ஒரு பகுதியில் மீண்டும் நெல் விதைக்கப்பட்டது. நிறைபறையில் வைக்கும் நெல் எங்கிருந்து வரவேண்டும் என்னும் கேள்விக்கு ஆறன்முளையார் நீதிமன்றத்தின் மூலம் ஒரு விடை தேடினர் என்று இதனைக் கொள்ளலாம். வள்ளத்தைப் பேணுவோரின் பணி வள்ளப்புரையோடு முடிவதில்லை என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இப்பணி ஆபத்தற்றதுமன்று. 2022 செப்தெம்பர் 10ஆம் திகதி, மறுநாள் நிகழவிருந்த உத்திரட்டாதி விழாவுக்காக ஆறன்முளைக்குப் புறப்பட்ட சென்னித்தலைக் கரையின் பள்ளியோடம், அச்சன்கோவில் ஆற்றிற் கவிழ்ந்தது. மூவர் உயிரிழந்தனர்; அவருள் ஒருவன் பாடசாலை மாணவன். முந்திய இரண்டு ஆண்டுகளும் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளால் விழாக்கள் ஒடுங்கியிருந்தன. பல இளைஞர்களுக்கு அது நெடுநாட் காத்திருப்பின் பின்னர் வந்த பயணம். நீரின் வேகம் மிகுந்த காலத்தில் நீண்ட கலமொன்றைத் திருப்புவது எத்துணைக் கடினம் என்பதைக் கடற்கரையிற் பிறந்தோர் அறிவர். ஊரின் மானத்துக்காக ஏறுகின்றோம் என்னும் பெருமிதம், நீந்தத் தெரியுமா, காப்பு அங்கி உண்டா என்னும் எளிய வினாக்களை மூடிவிடக்கூடாது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். 2018 ஓகஸ்ட் நடுப்பகுதியில், ஓணத்துக்குப் பத்து நாள்களே இருந்த வேளையில், அணைகள் நிரம்பித் திறக்கப்பட, பம்பை இருகரைகளையும் மூழ்கடித்தது. ஆறன்முளையும் செங்கன்னூரும் குட்டநாடும் நீரில் ஆழ்ந்தன. வீடுகளின் மாடிகளிலும் கூரைகளிலும் மக்கள் சிக்குண்டனர். அவர்களை மீட்க வந்தவை பள்ளியோடங்களல்ல. கொல்லத்திலிருந்தும் ஆலப்புழையிலிருந்தும் கடற்றொழிலாளர் தம் மீன்பிடி வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு, எவரது ஆணைக்கும் காத்திராது வந்து சேர்ந்தனர். கடலையன்றி ஆற்றை அறியாத அவர்கள், மதில்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே வள்ளங்களைச் செலுத்தினர். பல வள்ளங்கள் உடைந்தன. அவர்களிற் பெரும்பாலோர் எந்தக் கரையின் பட்டியலிலும் இடம்பெறாத குடியினர். வள்ளசத்யாவின் இலையின் முன் அவர்களுடைய மூதாதையர் அமர்ந்ததில்லை. நான் முதலிற் குறிப்பிட்ட, விடியுமுன் வலையோடு புறப்படும் வள்ளமே அன்று பம்பையில் ஓடியது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 11இல் நடைபெறவிருந்த நேரு கிண்ணப் போட்டி தள்ளிவைக்கப்பட்டு, நீர் வடிந்தபின் நவெம்பர் 10ஆம் திகதி புன்னமடையில் நிகழ்ந்தது. வென்ற வள்ளம் பாயிப்பாட்டுக் கரையினது. துடுப்பு வலித்தோர் பள்ளாத்துருத்திக் கழகத்தார்.